செயலியில் 412 நாள் விடாமல் வேதம் வாசித்திருக்கிறேன், உள்ளே அனல் இல்லை

தாம்பரம் டீச்சர்:

எல்லோருக்கும் தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 43 வயது. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகித் தாம்பரம் வந்து 18 வருஷம் ஆகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. வாரநாளில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் பொறுப்பு. பாடகர் குழுவில் ஆல்டோ குரல் பாடுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். நான் கோயிலை விட்டுப் போனவள் இல்லை என்று தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். கோயிலுக்குள்ளேயேதான் இருக்கிறேன். ஆறிப்போய் இருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், நீங்க ஜெபம் பண்ணும்போது இயேசப்பா கேக்குறார்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியுமே" என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடைசியாக எப்போது தெரிந்தது? ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தினமும் காலை 5.30-க்கு எழுந்து போனில் வேதம் வாசிக்கிறேன். செயலி எண்ணிக்கொண்டே வருகிறது, அன்றைக்கு 412. ஒரு நாள் விட்டால் எண் பூஜ்யமாகிவிடும் என்று காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட வாசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும், காலையில் என்ன வாசித்தோம் என்று யோசித்தேன். வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் லேவியராகமம் 6-ஆம் அதிகாரம். ஒரு வரிகூட மனதில் தங்கவில்லை.

எனக்கு இப்படி இல்லாத ஒரு காலம் இருந்தது. 1999 மே மாதம், பிளஸ் ஒன் முடித்த லீவில், ஒரு வாலிபர் முகாமுக்குப் போனேன். இரண்டாம் நாள் ராத்திரி கூட்டம் முடிந்து எல்லோரும் படுக்கப் போனபிறகு, ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விடியும்வரை அழுதேன். துக்கத்தில் இல்லை. என்னை ஒருவர் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில். அந்தப் பிளஸ் டூ வருஷம் முழுக்கக் கோயிலில் காலை மணி அடிக்கும் முன்பே எழுந்துவிடுவேன். பிலிப்பியர் நிருபத்தை ஒரே ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் நாலு தடவை படித்தது நினைவிருக்கிறது. யாரும் சொல்லிச் செய்ததில்லை.

இப்போது நற்கருணைக்கு முழங்காலில் நிற்கும்போது, காலாண்டுப் பேப்பர் இன்னும் எத்தனை கட்டு பாக்கி என்று ஓடுகிறது. சந்தேகம் இல்லை, பெரிய பாவம் என்று எதுவும் இல்லை, யார்மேலும் கசப்பு இல்லை. வறண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் வெள்ளிதோறும் உபவாசம் இருந்து பார்த்தேன். ஒரு பெரிய எழுப்புதல் கூட்டத்துக்கும் போனேன். அங்கே அழுதேன். புதன்கிழமைக்குள் எல்லாம் போய்விட்டது.

இது வயதா? என்னிடம் மறைந்திருக்கிற ஏதாவது குற்றமா? அனல் இல்லாதவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா, அல்லது சபைப் போதகர் ஐயரிடம் சொல்லி விலகிக்கொள்வதுதான் நேர்மையா? "ஜெபம் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜெபம்தான் வரமாட்டேன் என்கிறது.

சுவிசேஷகன், கோவை:

சிஸ்டர், பிரைஸ் த லார்ட். நான் பெந்தெகொஸ்தே சபை, நேராகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னது உங்களுக்கும் எனக்கும்தான்: "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்." வெளிப்படுத்தல் 2:4. அந்த சபையில் கிரியை உண்டு, பிரயாசம் உண்டு, பொறுமை உண்டு. உங்களைப் போலவே எல்லாப் பொறுப்பும் ஒழுங்காக நடக்கிற சபை.

அடுத்த வசனத்தைக் கவனியுங்கள். விழுந்த இடத்தை நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். ஆதியில் அழுத அழுகையை அழு என்று அங்கே இல்லை. நாம் எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்த் தேடுவதெல்லாம் அந்த அழுகையைத்தான். 1999-ல் என்ன செய்தீர்கள்? யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்தீர்கள், ஒரே நிருபத்தை நாலு தடவை படித்தீர்கள். அதைச் செய்யுங்கள். உணர்வு வந்தபிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1738 மே 24 ராத்திரி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் இருதயம் அனல்கொண்ட கதையை எல்லோரும் சொல்வோம். 1739 ஜனவரியில் அவரே தம் நாட்குறிப்பில், தாம் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதிவைத்ததை யாரும் சொல்வதில்லை. எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஏப்ரலில்தான் பிரிஸ்டலில் திறந்தவெளியில் நின்று ஏழை ஜனங்களுக்குப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார். வறட்சி முழுவதும் தீரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு 21 நாள் போனைத் தள்ளிவைத்து உபவாசம் இருங்கள் சிஸ்டர். நானும் உங்களுக்காக உபவாசிக்கிறேன்.

இரவுப்பணி:

அக்கா, நான் ஐ.சி.யூ.வில் நர்ஸ். சுவிசேஷகன் அண்ணன் சொன்ன உபவாசத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? பேப்பர் திருத்தி, மறுநாள் சமையலுக்கு அரிந்து வைத்து, 12 ஆகுமா? எழுந்திருப்பது 5.30-க்கு. எத்தனை வருஷமாக?

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அக்கினி இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர். அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். திட்டவும் இல்லை, உபவாசிக்கச் சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தூங்குகிறார். இன்னொரு தடவை எழுப்பிச் சாப்பிடவைக்கிறான். அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்கு நடக்கிறார், அதற்கப்புறம்தான் ஆண்டவர் பேசுகிற அந்த மெல்லிய சத்தம்.

ஐந்து வருஷம் தொடர்ந்து நைட் பார்த்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 தான், ரத்தசோகை. உங்களுக்கும் அதுதான் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை ரத்தமும் தைராய்டும் பார்த்துவிடுங்கள் அக்கா. நம்மில் பலர் உடம்பின் அசதிக்கு ஆத்துமாவைத்தான் குற்றம் சொல்கிறோம்.

மணப்பாட்டுக்காரன்:

சகோதரி, நான் கத்தோலிக்கன். நீங்கள் விலகுவதைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் கடலோரத்தில் ஒரு குகை உண்டு. புனித சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கிச் செபித்த இடம் என்று காட்டுவார்கள். அவருடைய ஆன்ம குரு, இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார். வறட்சி வருகிற நாள்களைப் பற்றி அவர் தெளிவாக ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார்: உள்ளம் வறண்டிருக்கும்போது, ஆறுதல் இருந்த நாளில் எடுத்த முடிவை மாற்றாதே. அப்படிப்பட்ட நேரத்தில் நமக்கு ஆலோசனை சொல்கிற குரல் நல்ல ஆவியின் குரல் அல்ல என்கிறார். ஆகவே இப்போது விலகாதீர்கள். விலகத்தான் வேண்டுமென்றால், மனம் தெளிந்த ஒரு நாளில் யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அன்னை தெரேசா 1997-ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. கல்கத்தாவில் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது வருஷம், நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, செபத்தில் இருளை மட்டுமே உணர்ந்ததாக அவற்றில் இருக்கிறது. காலையில் எழுந்து திருப்பலிக்குப் போய்விட்டு, சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். அது பாசாங்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உங்களையும் நீங்களே அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

விடிலி வீட்டுப் பிள்ளை:

மகளே, நான் உடன்குடிப் பக்கம். 68 வயது ஆகிறது, நீ என்றே எழுதுகிறேன்.

எங்க அப்பா பனையேறி. அம்மா விடிலியில் கருப்பட்டி காய்ச்சுவாள். சாத்தான்குளத்துக்காரிக்கு விடிலி தெரியாமல் இருக்காது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பனங்காட்டுக்குள் பதனீர் காய்ச்சுவதற்காக ஓலையால் போட்ட குடிசை. விடியும் முன்னே அப்பா ஏறி இறக்குகிற பதனீர் அந்தச் சட்டியில் வந்து விழும். அடுப்பில் காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் போட்டுத் தீயைத் தள்ளுவாள். முதலில் தீ மடமடவென்று எரியவேண்டும். பதனீரில் பெரும்பாகம் தண்ணீர்தானே, அது போகவேண்டும். நுரை பொங்கிச் சட்டி விளிம்புக்கு ஏறும். ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு கிள்ளு போட்டதும் சட்டென்று அடங்கும். பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்க்கத்தான் ஓடுவோம்.

அப்புறம் ஒரு நேரம் வரும். நுரை போய்விடும், சத்தம் இருக்காது. பாகு கருத்து, கெட்டியாகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொப்புளம் வெடிக்கும். வேடிக்கை முடிந்தது என்று நாங்கள் விளையாடப் போய்விடுவோம். அம்மாவோ அப்போதுதான் அடுப்பிலிருந்து மட்டைகளை வெளியே இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, துடுப்பைக் கையில் எடுப்பாள். அந்தக் கடைசி நேரத்தில் தம்பி விழுந்து அழுதால்கூடத் திரும்பமாட்டாள். கிண்டிக்கொண்டே இருப்பாள். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் இறக்கி, ஈரமணலில் வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றுவாள்.

எனக்கு 12 வயதில், அம்மா ஏதோ அவசரத்துக்குப் போகும்போது, துடுப்பைக் கொடுத்துக் கிண்டச் சொல்லிவிட்டுப் போனாள். தீ குறைவாக இருக்கிறதே, அணைந்துவிடுமே என்று எனக்குப் பயம். ரெண்டு கை நிறைய ஓலையை உள்ளே தள்ளிவிட்டேன். குப்பென்று எரிந்தது, எனக்குச் சந்தோஷம். அம்மா திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அவளுக்கு வாடை அடித்துவிட்டது. அடிப்பிடித்து, அன்றைக்கு அப்பா ஏறின நாற்பது பனையும் கருகிப்போச்சு.

நீ அந்தப் பெரிய கூட்டத்துக்குப் போய் அழுததையும், புதன்கிழமைக்குள் போனதையும் வாசித்தபோது எனக்கு அந்த ஓலைதான் நினைவுக்கு வந்தது. பதினேழு வயதில் உனக்கு வந்த பொங்குதல் நிஜம். அது போனதும் நிஜம். அது போனதால் சட்டியில் ஒன்றும் இல்லை என்று ஏன் முடிவு கட்டுகிறாய்? வறண்டு கிடக்கிறது என்று உனக்கே வலிக்கிறதே, ஆறிப்போனவளுக்கு எப்படி வலிக்கும்?

அதற்காக ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொல்லமாட்டேன். தணிந்த தீயும் தீதான், அது அவியக்கூடாது. நீ வாசித்து மறந்துபோனேன் என்று சொன்ன அந்த லேவியராகமம் 6-ஐத் திரும்ப எடு. பலிபீடத்து அக்கினி ஒருபோதும் அவியக்கூடாது என்பது 13-ஆம் வசனம், அதை எல்லோரும் பிரசங்கம் பண்ணுவார்கள். 10, 11-ஐப் பார். விறகு போடுவதற்கு முன்னால் ஆசாரியன் செய்கிற வேலை சாம்பல் அள்ளுவது. அதற்கென்று சணல்நூல் அங்கி போட்டு அள்ளுகிறான். பிறகு அதைக் கழற்றி வேறு உடுப்புப் போட்டு, பாளயத்துக்கு வெளியே சுத்தமான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். எங்க அம்மாவும் காலையில் முதல் காரியமாக ரெண்டு கூடை சாம்பல் அள்ளுவாள். அள்ளாவிட்டால் அடுப்புவாய் அடைத்துக் காற்றுப் போகாது, எத்தனை மட்டை போட்டாலும் புகைதான் வரும். சாம்பல் அழுக்கு இல்லை மகளே. நேற்று நன்றாக எரிந்த விறகுதான் அது. நேற்றைக்கு அது தீ, இன்றைக்கு அடைப்பு.

உன் சாம்பல் எது என்று உனக்குத்தான் தெரியும். எனக்குத் தோன்றுவது அந்த 412. ஆரம்பித்த அன்றைக்கு அது ஆசையாக இருந்திருக்கும். இப்போது அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் வாசிக்கிறாய். அதை விட்டுவிடு. ஒரு நாள் வேண்டுமென்றே வாசிக்காமல் இரு, பூஜ்யம் ஆகட்டும். சங்கத்துக் கணக்கையும் வேறு யாரிடமாவது கொடு, பள்ளிக்கூடத்திலும் கணக்கு, கோயிலிலும் கணக்கா? பிள்ளைகளை மட்டும் விடாதே. மணப்பாட்டுத் தம்பி சொன்னது சரி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் போனபிறகு மூன்று வருஷம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், கீர்த்தனை பாடுவேன், வாய் மட்டும் அசையும். அப்போது எங்கள் தெருவில் கண் தெரியாத ஒரு கிழவி இருந்தாள். உபதேசியார் என்னிடம், சாயங்காலம் அவளுக்கு நாலு வசனம் வாசித்துக் காட்டு என்றார். எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் போனேன். அவள் சும்மா கேட்கமாட்டாள், குறுக்கே கேள்வி கேட்பாள். வேதத்தில் ரூத்தின் புத்தகம் வாசித்தேன். புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நகோமி ஊருக்குத் திரும்பி வந்து, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், கசப்பு என்று அர்த்தம், சர்வவல்லவர் எனக்குக் கசப்பைக் கட்டளையிட்டார் என்கிறாளே, அந்த இடம். கிழவி கையை நீட்டி என்னை நிறுத்தினாள். "கடவுளப் பத்தி இப்படிப் பேசுனவள ஊர்ல சேத்துக்கிட்டாங்களா?" என்றாள். "சேர்த்துக்கொண்டார்கள் பாட்டி" என்றேன். "பொறவு?" என்றாள். பிறகு என்ன ஆயிற்று, நகோமியின் மடியில் ஒரு பிள்ளை வந்தது என்று எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அன்று ராத்திரி ஜெபம் பண்ணினேன். அவள் சாகும்வரை, நாலு வருஷம், தினம் போனேன்.

தாம்பரம் டீச்சர்:

நான்கு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருடைய பதிலையும் பலமுறை வாசித்தேன்.

இரவுப்பணித் தங்கச்சி, ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.1. மாத்திரை எடுக்கிறேன். 10.30-க்குப் படுத்துவிடுகிறேன், மறுநாளுக்குக் காய் அரிவதை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

சுவிசேஷகன் அண்ணன், டாக்டர் சொன்னதால் உபவாசம் இருக்கவில்லை, ஆனால் போனை 21 நாள் காலையில் தொடவில்லை. 1999-ல் வைத்திருந்த வேதாகமத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். நீல அட்டை, முதுகு பிய்ந்திருக்கிறது. பிலிப்பியரில் பக்கம் முழுக்கப் பென்சில். 4-ஆம் அதிகாரத்து ஓரத்தில், "இது எனக்கு" என்று குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான் என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இப்போது அதில்தான் படிக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்குமேல் போவதில்லை.

சங்கத்துக் கணக்கு நோட்டை ஒப்படைத்துவிட்டேன். ஐயரிடம் விலகுவதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தப் பிள்ளையிடம் போன ஞாயிறு பேசினேன். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் அவசரமா பதில் சொல்லிட்டேன். ரொம்ப நாளா எனக்குத் தெரியல. கேக்குறார்னு நம்பிக்கிட்டுப் பண்றேன்" என்றேன். சொல்லும்போது எனக்குக் கைநடுக்கம். அவள் யோசித்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் டீச்சர். அதான் கேட்டேன்" என்றாள். பாயைச் சுருட்ட வேண்டாம் என்று சொல்லி, அதிலேயே ரெண்டு பேரும் முழங்கால் போட்டோம். அவள்தான் ஜெபித்தாள். 1999-ல் வந்ததுபோல எதுவும் வரவில்லை. ஆனால் பேப்பர் கட்டு நினைவுக்கு வரவில்லை.

பெரியம்மா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கருகின கருப்பட்டியை என்ன செய்தீர்கள்?

விடிலி வீட்டுப் பிள்ளை:

கடைக்காரர் எடுக்கவில்லை. அம்மா அதைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைத்தாள். அந்த சீசன் முடியும்வரை அப்பா காலையில் ஏறப்போகும் முன் குடிக்கிற காப்பிக்கு அதைத்தான் போடச் சொன்னார். கசக்கும். நான் ஒருநாள் குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை மகளே. தினம் ஒரு டம்ளர், குடித்துவிட்டு ஏறப்போவார்.